கலீஃபாவும் கணக்குப்பிள்ளையும்

பெரம்பலூர் மாவட்டத்தில் எந்தக் கிராமத்து அடங்கலை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். யாருடைய நிலம், என்ன சர்வே எண், விளைவது மக்காச்சோளமா பருத்தியா சின்ன வெங்காயமா, எல்லாம் இருக்கும். தலைமாட்டில் ‘பசலி 1435’ என்று ஓர் ஆண்டும் இருக்கும். ஜமாபந்திக்கு மனுவைச் சுருட்டிக்கொண்டு போகிறவர்கள் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஏதோ சர்க்கார் எண், நமக்கென்ன வந்தது என்று அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள்.

அது 2025 ஜூலை 1-ஆம் தேதி பிறந்த ஆண்டு. கழித்துப் பார்த்தால் 590 மிச்சம். அப்படியானால் கி.பி. 590-இல் ஏதோ மகத்தான சங்கதி நடந்திருக்க வேண்டும் அல்லவா? தேடினேன். ரோமில் ஒரு போப் பதவியேற்றிருக்கிறார். பாரசீகத்தில் இரண்டாம் குஸ்ரூ பட்டத்துக்கு வந்த சூட்டோடு துரத்தப்பட்டு எல்லை தாண்டி ஓடியிருக்கிறார். காஞ்சியில் பல்லவர்கள் அவர்கள் பாட்டுக்கு ஆண்டுகொண்டிருக்கிறார்கள். முகம்மது நபிக்கு ஏறத்தாழ இருபது வயது. வேத வெளிப்பாடும் வரவில்லை, ஹிஜ்ரத்தும் நடக்கவில்லை. மக்காச்சோளம் அமெரிக்காவை விட்டுக் கிளம்பவே இல்லை. ஆக, நமக்கு எந்த வகையிலும் சம்பந்தமில்லாத ஓர் ஆண்டிலிருந்து நம் வருவாய்த்துறை காலத்தை எண்ணிக்கொண்டு வருகிறது, அதுவும் ஓராண்டு தவறாமல்.

இதற்கு யார் பொறுப்பு என்று விசாரித்துக்கொண்டே போனால், பெரம்பலூர் தாலுகா ஆபீசிலிருந்து ஆற்காடு, ஆற்காட்டிலிருந்து டெல்லி, அங்கிருந்து கூஃபா, பஸ்ரா என்று மதீனா வரை போக வேண்டியிருக்கிறது. போவோம். டிராவல் அலவன்ஸ் கிடையாது.

632-இல் நபி காலமானார். அடுத்த பத்தே ஆண்டுகளில் அரபுப் படைகள் சிரியாவையும் ஈராக்கையும் எகிப்தையும் பிடித்து, நிஹாவந்த் போரில் பாரசீகத்தின் முதுகெலும்பையும் முறித்துவிட்டன. இதை ஏதோ மாயாஜாலம் என்று சிலர் சொல்வார்கள். அவ்வளவு மாயம் ஒன்றுமில்லை. பைசாந்தியமும் பாரசீகமும் 602 முதல் 628 வரை இருபத்தாறு வருஷம் ஒன்றையொன்று அடித்து நாக்குத் தள்ளிக் கிடந்தன. மூன்றாவது ஆள் வந்து கதவைத் தட்டியபோது எழுந்து போய்த் திறக்கக்கூட இரண்டு பேருக்கும் தெம்பில்லை. அரபுகள் திறமையாகப் போரிட்டார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் வென்ற பிறகு வந்தது பாருங்கள் வினை.

கலீஃபா உமர் மதீனாவில் உட்கார்ந்துகொண்டு உத்தரவு போடுகிறார். பஸ்ராவில் கவர்னராக இருந்த அபூ மூசா அல்-அஷ்அரி என்பவர் பதில் எழுதுகிறார்: ஐயா, தங்கள் கடிதங்கள் வருகின்றன, ஆனால் தேதி இல்லை, எது முதலில் வந்தது எது பின்னால் வந்தது என்று தெரியவில்லை. இன்னொரு கடன் பத்திரம் வந்ததாம். தவணை ‘ஷஃபான் மாதம்’ என்று போட்டிருக்கிறது. எந்த ஷஃபான்? போனதா, வருவதா? மரபுக் கதை இப்படித்தான் சொல்கிறது. பாதி உலகத்தைப் பிடித்தவர்களுக்கு ஒரு பத்திரத்துக்குத் தேதி போடத் தெரியவில்லை என்பதைவிட நம்பத்தகுந்த கதையை நான் வரலாற்றில் கண்டதில்லை.

உமர் கமிட்டி போட்டார். பாரசீகர் ஆண்டு வேண்டாம், அங்கே ராஜா மாறினால் ஆண்டும் ஒன்றிலிருந்து தொடங்கிவிடும். கிரேக்கர் கணக்கும் வேண்டாம். நபியின் பிறப்பா, வேத வெளிப்பாடா, மறைவா என்றெல்லாம் பேசி, கடைசியில் அவர் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் போன 622-ஐ முதல் ஆண்டாக வைத்துக்கொண்டார்கள். இப்படித்தான் 638 வாக்கில் ஹிஜ்ரி ஆண்டு பிறந்தது. நோன்புக்கும் பெருநாளுக்கும் மாதங்கள் முன்பே இருந்தன. ஆண்டுக்கு எண் தேவைப்பட்டது ஆபீசுக்குத்தான்.

உமர் செய்த இன்னொரு காரியம் இதைவிடப் பெரிது. ஈராக்கின் செழித்த நிலமான சவாத் பகுதியைப் பிடித்ததும், வழக்கப்படி ஆளுக்கு இத்தனை என்று பங்கு போட்டுக் கொடுங்கள் என்று படைவீரர்கள் வரிசையில் நின்றார்கள். உமர் மறுத்துவிட்டார். நிலம் உழுகிறவனிடமே இருக்கட்டும், நமக்கு வரி வந்தால் போதும் என்றார். உஸ்மான் இப்னு ஹுனைஃப் என்பவரை அளவைக்கு அனுப்பினார். அவர் அளந்துவிட்டு வந்து சொன்ன கணக்கு 3 கோடியே 60 லட்சம் ஜரீப். ஒரு ஜரீப்புக்கு இத்தனை திர்ஹம், இத்தனை தானியம். சங்கிலி பிடித்து அளந்து, ரயத்தின் தலையில் நேரடியாக வரி போடுவதைத் தாமஸ் மன்றோ கண்டுபிடித்தார் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். மன்றோவுக்கு ஆயிரத்து நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்பே ஒருவர் சங்கிலியோடு கிளம்பியிருக்கிறார்.

சரி, கணக்கை யார் எழுதுவது? பாலைவனத்திலிருந்து வந்தவர்களில் வரிக்கணக்குத் தெரிந்தவர்கள் சொற்பம். எனவே ஈராக்கில் பழைய பாரசீகக் குமாஸ்தாக்கள் பாரசீகத்திலேயே எழுதினார்கள். சிரியாவில் பழைய கிரேக்கக் குமாஸ்தாக்கள் கிரேக்கத்திலேயே எழுதினார்கள். ராஜா போய்க் கலீஃபா வந்தார். பேரேடும் அதே, எழுதுகிற கையும் அதே. அறுபது வருஷம் போல இப்படியே ஓடியது.

சிரியாவில் இது முடிவுக்கு வந்த விதத்தை ஒன்பதாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பலாதுரி எழுதிவைத்திருக்கிறார். நான் கற்பனை செய்ததாக நினைக்கக் கூடாது. ஒரு கிரேக்கக் குமாஸ்தாவுக்கு எழுத மை கரைக்க வேண்டியிருந்தது. தண்ணீர் எடுத்துவர எழுந்திருக்கச் சோம்பல். மைக்கூட்டிலேயே ஒன்றுக்குப் போய்விட்டார். சேதி கலீஃபா அப்துல் மலிக் காதுக்கு எட்டியது. குமாஸ்தாவுக்குத் தண்டனை கிடைத்தது, சிரியா கணக்கெல்லாம் இனி அரபியில்தான் என்று 700-இல் உத்தரவும் பறந்தது. ஆட்சிமொழிச் சட்டங்கள் எத்தனையோ காரணத்துக்காக வந்திருக்கின்றன. இந்தக் காரணத்துக்காக வந்தது அநேகமாக இது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஈராக்கில் நடந்தது இன்னும் சுவாரசியம். அங்கே ஹஜ்ஜாஜ் கவர்னர். பெயரைக் கேட்டாலே பஸ்ராவில் குழந்தை அழுகையை நிறுத்தும், அப்படிப்பட்ட ஆள். அவரிடம் ஸாதான் ஃபர்ரூக் என்ற பாரசீகர் தலைமைக் கணக்கர். அவருக்கு உதவியாளர் சாலிஹ் இப்னு அப்துர் ரஹ்மான். பாரசீகமும் அரபியும் இரண்டும் தெரிந்தவர். ஹஜ்ஜாஜுக்கு சாலிஹைப் பிடித்துப்போனது. ஆனால் கணக்கை என்னால் அரபிக்கு மாற்ற முடியும் என்று சாலிஹ் வாய்விட்டதும் ஸாதானுக்கு வயிற்றைக் கலக்கியது. நீ பேசாமல் உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொள் என்றார். சாலிஹ் மெடிக்கல் லீவு போட்டார். ஹஜ்ஜாஜ் உடனே தன் சொந்த வைத்தியரை அனுப்பினார். வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு ஒரு நோயும் இல்லை என்று அறிக்கை கொடுத்துவிட்டார். மறுநாள் சாலிஹ் டூட்டியில் இருந்தார்.

பிறகு ஒரு கலகத்தில் ஸாதான் செத்துப்போக, மாற்றும் வேலை சாலிஹ் கைக்கு வந்தது. ஸாதானின் மகன் வந்து, பின்னத்தை எப்படி எழுதுவாய், பத்தில் ஒன்றை எப்படி எழுதுவாய் என்று குடைந்தார். சாலிஹ் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். முடியவில்லை என்று சொல்லிவிடு, ஒரு லட்சம் திர்ஹம் தருகிறோம் என்று பாரசீகக் குமாஸ்தாக்கள் கூட்டாக வந்து நின்றார்கள். வாங்க மறுத்தார். வருவாய்த்துறை வரலாற்றில் இந்த ஓர் இடத்தில் நான் சற்று எழுந்து நின்றேன்.

இந்த ஹஜ்ஜாஜின் உறவுக்காரப் பையன்தான் முகம்மது பின் காசிம். பதினேழு வயது என்பார்கள். இலங்கையிலிருந்து ஹஜ்ஜாஜுக்கு முஸ்லிம் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு கப்பலைச் சிந்துவின் தேபல் துறைமுகத்துப் பக்கம் கடற்கொள்ளையர் மடக்கினார்கள். சிந்து ராஜா தாகிர், கொள்ளையர் என் பேச்சைக் கேட்க மாட்டார்கள் என்று கையை விரித்தார். அதைக் காரணமாக வைத்துப் படை புறப்பட்டது. 712-இல் தாகிர் கொல்லப்பட்டார். இந்திய மண்ணில் முதல் அரபு ஆட்சி. பையன் என்ன செய்தான்? பழைய பிராமண அதிகாரிகளை அதே வரி வசூல் வேலையில் உட்காரவைத்தான். வேறு யாருக்கு அந்த ஊர்க் கணக்குத் தெரியும்?

ஹஜ்ஜாஜ் ஈராக்கில் உட்கார்ந்து லாப நட்டம் பார்த்தார். செலவு 6 கோடி திர்ஹம். வரவு 12 கோடி. கோபமும் தீர்ந்தது, 6 கோடி லாபம், மேல்வரும்படியாகத் தாகிரின் தலை என்று சொன்னாராம். மனிதர் கணக்கில் கெட்டி, மனசு வேறு சமாச்சாரம்.

இனி வருகிறதுதான் எனக்கு இந்த முழுக் கதையிலும் பிடித்த இடம். 714-இல் ஹஜ்ஜாஜ் செத்தார். 715-இல் கலீஃபாவும் மாறினார். புதிய கலீஃபா சுலைமானுக்கு ஹஜ்ஜாஜ் கூட்டத்தையே ஆகாது. ஈராக்கின் வரி அதிகாரியாக அவர் போட்டது யாரை? சாலிஹை. நம் மெடிக்கல் லீவு சாலிஹ். ஹஜ்ஜாஜ் ஒரு காலத்தில் இவருடைய அண்ணன் தம்பியில் ஒருவரைக் கொன்றிருந்தார். சாலிஹ் வேலை பார்த்துக்கொண்டே அத்தனை வருஷமும் அதை மனதில் வரவு வைத்திருந்திருக்கிறார். சிந்துவை வென்ற தளபதியை விலங்கு போட்டு ஈராக்குக்கு வரவழைத்து, வாசித் சிறையில் அடைத்து, சித்திரவதை செய்து கொன்றுவிட்டார். தாகிரின் யானைப்படையால் ஆகாததை ஒரு கணக்குப்பிள்ளை முடித்துவிட்டார்.

நம் ஊருக்கு வருகிறேன். தமிழ்நாட்டுக்கு அரேபியா முதலில் வந்தது வாளோடு அல்ல, பில்லோடு. பாண்டியர்களுக்குக் குதிரைப் பைத்தியம். பாரசீக வளைகுடாவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரை, தலைக்கு 220 தினார் என்று ஒப்பந்தம் இருந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். அதில் ஒரு ஷரத்து: வழியில் கடலில் செத்த குதிரைக்கும் காசு கொடுத்துவிட வேண்டும். பிழைத்து இறங்கிய குதிரைக்கும் இங்கே சரியான தீனி போடத் தெரியாமல் சீக்கிரமே செத்துவைத்ததால், வருஷா வருஷம் புது ஆர்டர். காயல் பட்டினத்தில் அந்த வணிகக் குடும்பத்து ஆளே பாண்டியனுக்கு அமைச்சர். படையெடுத்து வந்திருந்தால்கூட இவ்வளவு தங்கம் அள்ளியிருக்க முடியுமா என்பது சந்தேகம்.

படையெடுப்பு 1311-இல் வந்தது. மாலிக் காஃபூர். அரபு அல்ல, துருக்கர் அல்ல. குஜராத்தில் பிடிபட்டு டெல்லி போய்ப் படைத்தலைவரான அடிமை. சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அப்பன் சொத்துக்கு அடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து வந்தார். கோயில்களைச் சூறையாடினார், மழையில் மாட்டிக்கொண்டு அல்லாடினார், அள்ளியதை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போனார். அள்ளியது எவ்வளவு? கவிஞர் அமீர் குஸ்ரூ கணக்கில் 512 யானை, 5,000 குதிரை. வரலாற்றாசிரியர் பரணி கணக்கில் 612 யானை, 20,000 குதிரை. நூறு யானை உதைக்கிறது. அந்தக் காலத்தில் ஏ.ஜி. ஆபீஸ் இருந்திருந்தால் காஃபூர் பென்ஷன் வாங்கியிருக்க முடியாது.

இங்கே அரியலூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கங்கைகொண்ட சோழபுரத்தில் மதிலும் மாளிகையும் இல்லாமல் கோயில் மட்டும் நிற்பதைப் பார்க்கிறவர்கள், காஃபூர் இடித்துப்போட்டான் என்று ஒரு பெருமூச்சு விடுவார்கள். பாவம், அவர் மேல் ஏற்கெனவே போதுமான வழக்கு இருக்கிறது. சோழ ஆட்சி 1279-லேயே பாண்டியன் கையில் முடிந்துபோனது. காஃபூர் வந்தபோது தலைநகரம் என்று சொல்லிக்கொள்ள அங்கே அரசும் இல்லை, அரசனும் இல்லை. மதில் கல்லைப் பெயர்த்தவர்களின் ஆண்டு 1836. கொள்ளிடத்தில் ஆர்தர் காட்டன் கீழணை கட்டியபோது வெள்ளைக்கார எஞ்சினியர்கள் வண்டி வண்டியாக ஏற்றினார்கள். அணைக்கரைப் பாலத்தில் பஸ் போகும்போது கீழே பார்த்துக் கும்பிடுகிறவர்கள் தவறாகக் கும்பிடவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கல்லெறிகிறவர்கள் எறியலாம். அந்தக் கோயிலுக்குள் சாளுக்கிய நாட்டு நவக்கிரகக் கல் ஒன்று இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் கலிங்கத்துச் சிவப்புக் கல் சிலைகள் இருக்கின்றன. அவர்கள் அன்பளிப்பாகக் கூரியரில் அனுப்பியவை அல்ல. கஜினி முகமது சோமநாதபுரத்தில் கைவைத்தது 1026-இல். அதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்புதான் ராஜேந்திர சோழனின் படை வங்கம் வரை போய், தோற்றவர்கள் தலையில் கங்கை நீரைச் சுமக்கவைத்து வந்து சோழகங்கத்தில் ஊற்றியது. இன்று அதைப் பொன்னேரி என்கிறோம். ராஜேந்திரன் எடுத்துவந்த சாமிக்குப் பூசை நடந்தது, கஜினி உடைத்துப்போட்டான். வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சிலையைப் பறிகொடுத்த ஊர்க்காரன் அந்த வித்தியாசத்தை உட்கார்ந்து ரசித்திருப்பான் என்று தோன்றவில்லை.

காஃபூருக்குப் பிறகு 1335-இல் மதுரையில் தனி சுல்தானகம். டெல்லி அனுப்பிய கவர்னரே டெல்லிக்கு டாட்டா காட்டிவிட்டுத் தொடங்கியது. சமயபுரத்துக்கு அடுத்த கண்ணனூரில் 1342-இல் நடந்த சண்டையில் எண்பது வயது ஹொய்சள மன்னர் வல்லாளனைப் பிடித்து, கொன்று, தோலில் வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டார்கள். பயணி இப்னு பதூதா கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார்; அதில் சிரிக்க ஒன்றுமில்லை. அதைச் செய்த சுல்தான் கியாசுதீன், வீரியத்துக்கு என்று ஒரு யோகி இரும்புத்தூள் போட்டு உருட்டிக் கொடுத்த மாத்திரையை அளவுக்கு மேல் விழுங்கிப் படுத்துவிட்டார் என்பதும் இப்னு பதூதா எழுதியதுதான். அதில் சிரிக்கலாம். 1378-க்குள் அந்தச் சுல்தானகமே முடிந்தது. அதை விஜயநகரத்துக் குமார கம்பணர் முடித்தார் என்பார்கள். பாதி வேலையைச் சுல்தான்களே முடித்துக் கொடுத்திருந்தார்கள்.

பெரம்பலூருக்கு நிலையான முஸ்லிம் ஆட்சி என்று ஒன்று வந்தபோது பதினேழாம் நூற்றாண்டு. பீஜப்பூர் சுல்தானின் பேரில் ஷேர்கான் லோடி என்ற பட்டாணியர் வாலிகண்டபுரத்தில் உட்கார்ந்து ஆண்டார். இன்றைக்குத் திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் கார்கள் வேகத்தைக் குறைக்காமல் கடக்கிற அந்த ஊர் அப்போது ஒரு மாகாணத்துக்குத் தலைமை. செஞ்சியில் இருந்தவரும் பீஜப்பூர் ஆள்தான், நாசிர் முகம்மது. ஒரே சுல்தானிடம் சம்பளம் வாங்கும் இரண்டு அதிகாரிகளுக்கும் ஜென்மப் பகை. செஞ்சிக்காரனை அடக்க ஆள் வேண்டும் என்று ஷேர்கான் பிரெஞ்சுக்காரர்களைக் கூப்பிட்டார். 1673 ஜனவரியில் பெலாஞ்சே தெ லெஸ்பினே என்ற இளைஞர் வாலிகண்டபுரத்துக்கு வந்து பேசினார். அதே ஆண்டு பிப்ரவரியில் கடலோரத்தில் ஒரு மீனவ கிராமம் அவர்கள் கைக்குப் போனது. அதுதான் புதுச்சேரி. அரவிந்தர் ஆசிரமம், ஒயிட் டவுன், வார இறுதியில் ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் பட்டா கொடுத்தது பெரம்பலூர் மாவட்டம். ஒரு நன்றிப் பலகை கூட வைக்கவில்லை.

1677-இல் சிவாஜி வந்தார். திருவதிகைப் பக்கம் ஷேர்கானின் படை மராட்டியக் குதிரைகளைக் கண்டதும் கலைந்தது. இருபதாயிரம் பகோடா தருகிறேன் என்று எழுதிக்கொடுத்து, மகனைப் பிணையாக விட்டு, பட்டாணியர் போய்த் தஞ்சம் புகுந்தது அரியலூர்ப் பாளையக்காரரின் காட்டில். இந்து மன்னரிடம் தோற்ற முஸ்லிம் கவர்னருக்கு இந்துப் பாளையக்காரர் சோறு போட்டார். இதை எந்தக் கட்சி மேடையிலும் பேச முடியாது. இரண்டு பக்கமும் கைதட்ட இடமில்லை.

இப்போது பசலி. ஹிஜ்ரி ஆண்டு சந்திரனை நம்பியது, 354 நாள். வயல் சூரியனை நம்பியது. சுமார் 33 அறுவடைக்குள் 34 ஹிஜ்ரி ஆண்டு ஓடிவிடும். ஆண்டுக்கொரு வரி என்றால் குடியானவன் விளையாத ஒரு வருஷத்துக்கும் கட்டியாக வேண்டும். வெட்டுக்கிளிக்கு அடுத்தபடியாக விவசாயியைத் தின்றது நிலாதான். அக்பர் இதைப் பார்த்து, தான் பட்டமேறிய 1556-இன் ஹிஜ்ரி 963-ஐ அப்படியே பிடித்து நிறுத்தி, இனி இது அறுவடையோடு சூரிய ஆண்டாக ஓடட்டும் என்றார். தக்காணத்துக்கு ஷாஜகான் அதையே தனியாக 1636-இல் செய்தார். அன்றைய ஹிஜ்ரி 1046. 1636-இல் 1046 போனால் 590. நம் மர்ம ஆண்டு அவ்வளவுதான். இதற்கிடையே எண்பது வருஷம் ஹிஜ்ரி தன் வேகத்தில் ஓடியிருந்ததால் தெற்குப் பசலி வடக்குப் பசலியைவிட இரண்டு சொச்சம் வயது மூத்தது. மொகலாயர்கள் எட்டு வருஷம் முற்றுகையிட்டு 1698-இல் செஞ்சியைப் பிடித்தார்கள், ஆற்காட்டு நவாபுகள் வந்தார்கள், அவர்கள் மூட்டைக்குள் பசலியும் வந்தது.

நவாபு ஆட்சியின் வீரத்துக்கு ரஞ்சன்குடிக் கோட்டையைப் போய்ப் பார்க்க வேண்டும். பாறைமேல் அடுக்கடுக்காக மதில், சுற்றி அகழி. 1751-இல் ஆற்காட்டு நாற்காலிக்கு இரண்டு பேர் சண்டை: சந்தா சாகிப் பின்னால் பிரெஞ்சுக்காரர், முகம்மது அலி பின்னால் ஆங்கிலேயர். இரண்டு படையும் இங்கே வந்து நின்று, கோட்டையைக் கொடு என்று கோட்டைத் தலைவரான கில்லேதாரைக் கேட்டன. அவர் அசைந்து கொடுக்கவில்லை. முதலில் நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள், ஜெயித்தவர் வாருங்கள், சாவி தருகிறேன் என்கிற மாதிரிப் பதில். எதிரே வந்தவன் பலத்தில் பாதியை வாங்கிக்கொண்ட வாலி பூசித்த தலம் பக்கத்திலேயே இருக்கிறது. இவர் பாதிக்கு ஆசைப்படவில்லை, வம்பே வேண்டாம் என்று இருந்துவிட்டார். இரண்டு வாரம் இழுத்தது. ஆங்கிலேயக் கேப்டன் ஜிஞ்சனுக்குப் பொறுமை போய், கோட்டையடிப் பேட்டைக்குத் தீ வைத்தார். கில்லேதார் உடனே சந்தா சாகிப்புக்கு ஆள் அனுப்பினார். சண்டை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஆங்கிலேயப் பட்டாளத்துக்கு என்ன தோன்றியதோ, ஓட ஆரம்பித்தது. முகம்மது அலியின் தம்பி அப்துல் வஹாப் குதிரையில் வந்து, வெட்கமாயில்லையா என்று திட்டியும் நிற்கவில்லை. ஊட்டத்தூர் தாண்டித் திருச்சியில்தான் மூச்சு வாங்கியது. அந்தப் படையில் அரிசி, ஆட்டுக்கறி வாங்கிக் கொடுக்கும் கமிசரி வேலையில் ஒருவர் இருந்தார். பெயர் ராபர்ட் கிளைவ். பிளாசியின் மாவீரரைப் பற்றிய புத்தகங்கள் ரஞ்சன்குடியை ஒரு பத்தியில் தாண்டிவிடுவது ஏன் என்று கேட்கக் கூடாது.

இதே சந்தா சாகிப்பிடம் வீரமாமுனிவர் திவான் வேலை பார்த்தார், அவரோடு பேசுவதற்கென்றே மூன்றே மாதத்தில் உருது கற்றார் என்று அவர் சரித்திரத்தை எழுதிய பழைய புலவர் சொல்லிவைத்தார். ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் கட்டிய இத்தாலியப் பாதிரி நவாபுக்குத் திவான்! ஆய்வாளர்கள் நம்பவில்லை. பொய்யாக இருந்தாலும் இந்த மண்ணுக்குப் பொருத்தமான பொய்.

முகம்மது அலி கடைசியில் நவாபானார்; ஆன கையோடு கடனாளியும் ஆனார். கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடன், கம்பெனி அதிகாரிகளுக்குத் தனிக் கடன், அதற்கு வட்டி, வட்டிக்கு வட்டி. அரியலூர் மழவராயரும் உடையார்பாளையத்தாரும் நவாபுக்குப் பேஷ்கஷ் என்ற கப்பம் பாக்கி. எனவே 1765 ஜனவரியில் நவாபின் மகன் உம்தத்-உல்-உமராவும் கம்பெனியின் டொனால்ட் கேம்பெலும் படையோடு வந்து அரியலூரைப் பிடித்தார்கள், அடுத்து உடையார்பாளையத்தையும். ஜிஹாத் அல்ல, ஜப்தி. 1801-இல் அந்த உம்தத்-உல்-உமரா செத்த கையோடு கம்பெனி ஆற்காட்டையே ஜப்தி செய்தது. 1817 வாக்கில் பாளையக்காரர்களுக்கு ஜமீன்தார் என்று சன்னத் எழுதிக்கொடுத்து வாலை ஒட்ட நறுக்கியது.

வெள்ளைக்காரன் பசலியைத் தூக்கி எறிந்திருக்கலாம். ஏசுவின் ஆண்டு கையிலேயே இருந்தது. ஆனால் பழைய பாக்கியெல்லாம் பசலியில் அல்லவா எழுதியிருக்கிறது? பாக்கியை விட முடியுமா? ஆடி முதல் தேதியில் பிறந்துகொண்டிருந்ததை 1855-இல் ஜூலை 1-க்கு நகர்த்தி, மற்றபடி அப்படியே வைத்துக்கொண்டான். சுதந்திரம் வந்தது, ஜமீன் ஒழிந்தது, பெரம்பலூர் தனி மாவட்டமானது, அரியலூர் அதிலிருந்து பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்தது. பசலி பேசாமல் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டிருந்தது.

இதற்குள் வெள்ளாற்றங்கரை லெப்பைக்குடிக்காட்டுக்காரர்கள் சவுதிக்கும் துபாய்க்கும் கிளம்பிப் போய்விட்டார்கள். அரபுப் படை எந்தக் காலத்திலும் வெள்ளாற்றைப் பார்த்ததில்லை. வெள்ளாற்றிலிருந்து அரேபியாவுக்குப் போன படை மட்டும் இன்னும் விசா எடுத்துக்கொண்டிருக்கிறது.

கணக்குப்பிள்ளை? அவரை மறக்கவில்லை. சோழன், சுல்தான், நவாபு, கம்பெனி, காங்கிரஸ் என யார் வந்தாலும் பேரேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திண்ணையை விட்டு இறங்காமல் இருந்த பரம்பரைக் கர்ணத்தின் மேல் கடைசியில் கை வைத்தது எம்.ஜி.ஆர். 1980 நவம்பரில் ஓர் அவசரச் சட்டம். கர்ணம், மணியம் உட்பட பகுதிநேரக் கிராம அதிகாரிகள் பதவி மொத்தமும் ஒரே இரவில் காலி. அவர்கள் இடத்தில் தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர். கர்ணங்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1982-இல் தோற்றார்கள். அந்த வழக்கு நடந்தபோதே, பழைய ஆட்களில் போதிய படிப்பும் சில ஆண்டு அனுபவமும் உள்ளவர்களைப் பரிசீலித்துப் புதிய பதவியில் எடுத்துக்கொள்வதாக அரசுத் தரப்பு கோர்ட்டில் ஒப்புக்கொண்டது. கிராமத்துக் கணக்கு வேறு யாருக்குத் தெரியும்?